ஒன்றாகத் தர மாட்டோம்

சுவிட்சர்லாந்தில் குடியிருக்கும் என் அக்காவின் மகளுக்குப் பத்து வயது. ஒரு நாள் தொலைபேசியில் அழாத குறையாகப் பேசினாள். கினிப் பன்றி ஒன்று வளர்க்க வேண்டும் என்று அவளுக்கு நெடுநாள் ஆசை. கடையில் வாங்குவதைவிட, கைவிடப்பட்டவற்றை எடுத்துப் பராமரிக்கும் காப்பகத்தில் கேட்கலாம் என்று அக்கா அழைத்துப் போயிருக்கிறார். அங்கே இருந்த அம்மையார் கேள்விமேல் கேள்வி கேட்டாராம். கூண்டு எத்தனை மீட்டர் நீளம்? அடித்தரை கம்பியா, பலகையா? உலர்ந்த புல் எங்கே வாங்குவீர்கள்? விடுமுறைக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? கூண்டைப் படம் பிடித்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறோம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒன்றாகத் தர மாட்டோம். இரண்டு என்றால் தருவோம்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டத் தொழிலாளர் தொடர்வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எங்களை வளர்த்து ஆளாக்கியவர். வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எலிக்கு வூடு குடுக்க அளந்து பாக்குறாங்களா? நாம இருந்த காம்பராவ அளக்க ஒருத்தரும் வரலியே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாத்தான் குடுப்பாங்களா? அது நல்லதுதான்" என்றும் சொன்னார்.

அம்மாவின் முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. இரண்டாவது வாக்கியத்துக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் சுவிஸ் வரை போக வேண்டியதில்லை. எங்கள் சப்ரகமுவ மாகாணத்திலேயே வந்து முடிகிறது.

முதலில் அந்தச் சின்ன விலங்கைப் பார்த்துவிடுவோம். கினிப் பன்றி பன்றியுமல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததுமல்ல. பழைய தமிழ் அகராதிக்காரர்கள் அதற்குச் சீமைப்பெருச்சாளி என்று பெயர் வைத்தார்கள். சீமையிலிருந்து கப்பலில் வந்தாலும் அதன் சொந்த ஊர் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலை. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை வீட்டு விலங்காக்கி, அடுப்பங்கரையில் வளர்த்து, கறிக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு கிலோ அளவு எடை. எதிரியைக் கடித்து விரட்டத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, குதிக்கவும் பெரிதாகத் தெரியாது. அதற்குத் தெரிந்த பெரிய தற்காப்பு கூட்டமாக இருப்பது. ஒன்று மேயும்போது மற்றொன்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். ஆபத்து என்றால் ஒரு குரல், தீனி என்றால் இன்னொரு குரல், துணையைத் தேடினால் வேறொரு குரல். இப்படிப்பட்ட ஒன்றைத் தனியாகக் கூண்டில் போட்டால் அது நாள் முழுக்கக் காவல்காரனாகவே இருக்க வேண்டியதுதான். நிம்மதியாகத் தூங்காது, சரியாகத் தின்னாது. 2008இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பதைத் தடைசெய்தது இதனால்தான். இரண்டில் ஒன்று இறந்துவிட்டால் மிச்சமிருப்பதற்கு என்ன செய்வது? புதிதாக இன்னொன்று வாங்கினால், பிறகு பழையது இறக்கும், மறுபடியும் ஒன்று வாங்க வேண்டும், கதை முடியாது. அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நாட்டில் வாடகைக்குத் துணைக் கினிப் பன்றி கொடுப்பவர்கள்கூட இருக்கிறார்கள்.

அடித்தரை கம்பியா, பலகையா என்று அந்த அம்மையார் கேட்டதற்கும் காரணம் உண்டு. கினிப் பன்றியின் உள்ளங்காலில் மயிரில்லை, தோல் மெல்லியது. கம்பியிலும் ஈரத்திலும் நின்றால் புண்ணாகி, சீழ் பிடித்து, எலும்பு வரை போகும். உலர்ந்த புல் எதற்கு? அதன் இருபது பற்களும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். இன்னொரு விசித்திரம், உயிர்ச்சத்து சி-யை நம்மைப் போலவே அதனாலும் உடலில் தயாரிக்க முடியாது. 1907இல் நோர்வேயில் இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு நோயை ஆராயப் போய், தானியம் மட்டுமே தின்ற கினிப் பன்றிகளுக்கு மாலுமிகளின் நோயான ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். உயிர்ச்சத்து சி-யைத் தேடிய பாதை அங்கேதான் திறந்தது.

ஒரு கிலோ விலங்குக்கு இத்தனை கேள்வி என்றால், பிறக்கும்போதே தொண்ணூறு, நூறு கிலோ இருக்கும் ஒரு குட்டியைத் தத்தெடுக்க எத்தனை கேள்வி கேட்க வேண்டும்?

எங்கள் தோட்டத்திலிருந்து வேன் பிடித்தால் பின்னவலை ஒன்றும் தூரமில்லை. கேகாலை மாவட்டம், றம்புக்கணைப் பக்கம், மகா ஓயாக் கரை. பாடசாலைச் சுற்றுலா என்றால் எங்களுக்கு அதுதான். மற்றப் பிள்ளைகள் நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் போய்வந்த கதை சொல்லும்போது நாங்கள் பின்னவலை யானை ஆற்றுக்குக் குளிக்கப் போகும் கதையைச் சொல்லுவோம். பெரிதும் சிறிதுமாக யானைகள் கடைத்தெரு நடுவே வரிசையாக நடந்து ஆற்றில் இறங்கும். கடைக்காரர்கள் தொங்கவிட்ட சாமான்களை அவசரமாக உள்ளே இழுப்பார்கள். பிற்பாடு அந்த யானைகளின் லத்தியில் செய்த காகிதத்தில் குறிப்பேடு விற்றார்கள். மோந்து பார்த்து வாசமே இல்லை என்று ஏமாந்திருக்கிறோம்.

அந்த இடத்தின் கதை ஐந்து குட்டிகளில் தொடங்குகிறது. தாயை இழந்த யானைக் குட்டிகளை வனஜீவராசிகள் திணைக்களம் முதலில் வில்பத்துவில் வைத்துப் பார்த்தது. பிறகு பெந்தோட்டையின் உல்லாசப் பயண விடுதிப் பக்கம் கொண்டுபோனது. அதன்பின் தெகிவளை மிருகக்காட்சிசாலை. கடைசியில் 1975இல் பின்னவலையில் 25 ஏக்கர் தென்னந்தோட்டம் ஒன்றில் நிலையாக இறக்கியது. இத்தனை விலாசம் மாறிய பின்தான் அந்தக் குட்டிகளுக்கு ஒரு வீடு கிடைத்தது. 1978இல் நிர்வாகம் விலங்கியல் பூங்காத் திணைக்களத்தின் கைக்குப் போனது. 1982இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கியது, 1984இல் முதல் குட்டி பிறந்தது. பின்னர் பிறப்புகள் அறுபதைத் தாண்டின. 2021 ஆகஸ்ட் 31ஆம் திகதி சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றபோது நாடே கொண்டாடியது. இலங்கையில் எண்பது ஆண்டுகளாகக் காணாத நிகழ்வு அது.

குறை சொல்வது சுலபம் என்பதால் நல்லதை முதலில் சொல்கிறேன். பின்னவலை பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. கண்ணிவெடியில் முன்காலின் பகுதியை இழந்த சமா என்ற யானை அங்கேதான் வளர்ந்தது. காட்டில் விட்டால் மூன்று காலோடு ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. இலங்கைக் காட்டுயானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்த ஆய்வுகளின்படி, ஒரு யானையின் நடமாட்டப் பரப்பு சில பத்துச் சதுரக் கிலோமீட்டரிலிருந்து நூற்றுக்கு மேல் போகிறது. 25 ஏக்கர் என்பது ஒரு சதுரக் கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து குட்டிக்குப் போதுமாக இருந்த தென்னந்தோட்டத்தில் எழுபது எண்பது யானைகள் சேர்ந்த பிறகு, பக்கத்தில் நிலம் சேர்த்தாலும் ஆற்றில் இறக்கினாலும் அந்தக் கணக்கு சரிவராது. ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழுந்த எங்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

யானையின் காலைப் பார்த்தால் இந்தக் கணக்கின் அர்த்தம் விளங்கும். வெளியிலிருந்து தூண் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே யானை கிட்டத்தட்ட விரல்நுனியில்தான் நிற்கிறது. குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தை. காலூன்றும்போது அது விரிந்து பாரத்தை வாங்குகிறது, தூக்கும்போது சுருங்குகிறது. மண்ணிலும் புல்லிலும் சேற்றிலும் நாளுக்குப் பல கிலோமீட்டர் நடந்தால் அடித்தோலும் நகமும் தாமாகத் தேய்ந்து சீராக இருக்கும். சீமேந்துத் தரையில் சங்கிலியோடு நின்றால் தோல் தடித்து வெடிக்கும், வெடிப்பில் அழுக்குச் சேரும், நகக்கண்ணில் சீழ் பிடிக்கும். கூண்டில் இருக்கும் யானைகளை வேறு வழியின்றிக் கருணைக்கொலை செய்ய நேரும் காரணங்களில் கால்நோய் முன்வரிசையில் இருக்கிறது. கம்பித் தரையில் நின்ற கினிப் பன்றிக்கும் இதே நோய்தான். எடை நாலாயிரம் மடங்கு வித்தியாசம், புண் ஒன்றே.

அந்தக் கால் நடப்பதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர மிருகக்காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது, காதுக்கு எதுவும் கேட்காமலே காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். பக்கத்துக் கோயிலில் பெரிய மேளத்தை அடிக்கும்போது நெஞ்சில் படுமே, அந்த மாதிரி. ஒலிப்பதிவை வேகமாக ஓட்டிப் பார்த்தபோது, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த குரலில் யானைகள் பேசிக்கொள்வது தெரிந்தது. அந்த ஒலி காற்றில் கிலோமீட்டர் கணக்கில் போகும், நிலத்தின் வழியாகவும் போகும். உள்ளங்காலில் உள்ள உணர்விகள் அதைப் பிடிக்கும். ஆகவே யானைக்கு வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டும் எண்ணினால் போதாது. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் யாரோ பதில் குரல் கொடுக்க வேண்டும், அதுவும் வீட்டில் சேர்ந்ததுதான்.

இனிப் பாலுக்கு வருவோம். அம்மாவுக்கு இந்தப் பகுதி மிகப் பிடித்தது. பால் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

தாயை இழந்த யானைக் குட்டிக்குப் பசுப்பால் ஊற்றினால் பெரும்பாலும் வயிற்றோட்டம் பிடிக்கும். வற்றி, சில நாளில் செத்துப்போகும். ஏனென்றால் யானைப் பாலின் கொழுப்பு வேறு வகை. அதில் தேங்காயெண்ணெயில் அதிகமாக இருக்கும் லோரிக் அமிலமும் அதன் பங்காளியான கப்ரிக் அமிலமும் நிறைய உண்டு. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற பெண்மணி அனாதை யானைக் குட்டிகளைப் பிழைக்க வைக்க வருடக்கணக்கில் போராடினார். மனிதக் குழந்தைகளுக்கான பால்மாக்களை ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்து, கடைசியில் தேங்காயெண்ணெய் சேர்ந்த கலவையில் வெற்றி கண்டார். பால் குடிக்கும் வயதில் வந்த ஆயிஷா என்ற குட்டி 1974இல் அந்தக் கலவையில் தேறி வந்தது. தேங்காயெண்ணெய் என்றதும் அம்மா தலையை ஆட்டினார். "அதான் நானும் ஒங்க தலையில தடவுனேன்."

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆயிஷாவுக்கு ஆறு மாதமான வேளையில் டாஃப்னி தன் மகளின் திருமணத்துக்காகச் சில நாள் வெளியூர் போனார். குட்டி பால் குடிக்க மறுத்தது. அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் அவர் கையிலேயே இறந்துபோனது. பால் சரியாக இருந்தது, இடம் சரியாக இருந்தது. அந்தக் குட்டியின் உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார், அந்த ஆளும் காணாமல் போய்விட்டார். அதன்பிறகு அங்கே ஒரு குட்டிக்கு ஒருவர் என்று விடுவதில்லை. பராமரிப்பாளர்கள் முறைபோட்டு மாறி மாறிக் குட்டிகளோடு படுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அன்பு இருந்தாலும் ஒரு மனிதர் ஒரு கூட்டம் ஆக முடியாது என்பதை ஒரு குட்டியின் உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள். சுவிஸ் அம்மையார் "இரண்டாகத்தான் தருவோம்" என்று பிடிவாதம் பிடித்ததும் இந்தப் பாடத்தின் சின்னப் பதிப்புத்தான்.

கூட்டத்திடமிருந்து குட்டிக்குக் கிடைக்கும் இன்னொன்று கேட்டால் முகம் சுளிப்பீர்கள். யானைக் குட்டி தாயின் லத்தியையும் பெரியம்மாக்களின் லத்தியையும் தின்னும். கெட்ட பழக்கம் இல்லை. இலையையும் நாரையும் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் பிறக்கும்போது குட்டியின் குடலில் இருப்பதில்லை. பெரியவர்களின் வயிற்றிலிருந்து அவற்றைக் கடன் வாங்க வேண்டும். நாளுக்கு நூற்றைம்பது கிலோ வரை தின்று, அதில் பாதியைக்கூடச் செரிக்காமல் வெளியேற்றும் விலங்குக்கு இந்த நுண்ணுயிர்களே மூலதனம். கினிப் பன்றியும் தன் குடலில் பாதி செரித்துவரும் மென்மையான உருண்டைகளை மறுபடியும் தின்னும். காப்பகத்தில் தனியாக வந்து சேரும் யானைக் குட்டிக்கு இந்தக் கடன் கொடுக்க இன்னொரு யானை பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு உடவளவைக்குப் போனால் அங்கே நடப்பது புரியும். கேகாலையிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, எம்பிலிப்பிட்டி வழியாக முழுநாள் பயணம். சப்ரகமுவவும் ஊவாவும் சந்திக்கும் எல்லையில், 1972இல் அறிவிக்கப்பட்ட உடவளவை தேசியப் பூங்கா 308 சதுரக் கிலோமீட்டர் பரந்திருக்கிறது. நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கிய இடம்தான் யானை இடைத்தங்கல் முகாம். சிங்களத்தில் 'ஏத் அதுரு செவன' என்பார்கள். 1995க்குப் பிறகு காட்டில் கண்டெடுக்கப்படும் அனாதைக் குட்டிகள் பெரும்பாலும் பின்னவலைக்கு அல்ல, இங்கேதான் வருகின்றன.

அம்மாவை அங்கே அழைத்துப் போனபோது, முகாமின் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவர் வேனிலேயே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எங்கள் பக்கத்தில் இடைத்தங்கல் முகாம் என்றால் 2016 மே மாதம் ஞாபகம் வரும். அரநாயக்கவில் மலை சரிந்த அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில் தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. தப்பியவர்கள் கூடாரத்தில் 'இடைத்தங்கல்' என்று உட்கார்ந்து, இடை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "இதுங்களையாச்சும் திருப்பி அனுப்புறாங்களா?" என்று கேட்டார். ஆமாம், அனுப்புகிறார்கள் என்றேன்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதடவை பால். பார்வையாளர்களை மேடை ஒன்றில் தள்ளி உட்கார வைக்கிறார்கள். கதவைத் திறந்ததும் குட்டிகள் சில சிலவாக, காதை விசிறிக்கொண்டு ஓடிவருகின்றன. புனலில் பாலை ஊற்ற, அது குழாய் வழியாக வாய்க்குள் இறங்குகிறது. அரை நிமிடம், ஒரு நிமிடம், அவ்வளவுதான். கூடுதலாகக் கேட்டு முண்டுகிறவற்றைத் தள்ளி அனுப்பிவிடுகிறார்கள். கட்டியணைப்பு இல்லை, படம் பிடிக்கக் குட்டியின் பக்கத்தில் போக வழியில்லை, புட்டியைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்வதில்லை. "ஸ்டோர்ல பால் நிறுக்க வரிசையில நிக்கிற மாதிரியே இருக்கு" என்று அம்மா சிரித்தார். பிறகு, ஒரு குட்டியைப் பிரம்பால் லேசாகத் தட்டி விரட்டுவதைப் பார்த்து, "பச்சப்புள்ளைய வெரட்டுறானே" என்று முணுமுணுத்தார்.

விரட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. மனிதரைக் கண்டால் பால் என்று பழகிய குட்டி, ஐந்து வயதில் காட்டில் விடப்பட்ட பிறகும் மனிதரைத் தேடி ஊருக்குள் வரும். ஊருக்குள் வரும் யானைக்கு இலங்கையில் என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 2011 கணக்கெடுப்பில் 5,879 யானைகள். 2023இல் மட்டும் இறந்தவை 470க்கும் மேல். அதே ஆண்டில் யானை தாக்கி நூற்றைம்பதுக்கும் அதிகமான மனிதரும் இறந்தார்கள். துவக்குச் சூடு, மின்சாரக் கம்பி, ரயில், பாழ்கிணறு, பழத்துக்குள் வெடி வைக்கும் ஹக்கபட்டாஸ் என்று ஒவ்வொரு சாவுக்கும் ஒரு பெயர். பாலூட்டும் தாய் செத்தால் உடவளவைக்கு இன்னொரு குட்டி. யானையை எதிரியாகப் பார்க்கும் கமக்காரரைத் திட்ட எனக்கு வாய் வராது. இரத்தினபுரி மாவட்டத்தில் இறக்குவானை, சூரியகந்தைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள், சிங்கராஜா மழைக்காட்டில் எஞ்சிய இரண்டே யானைகளுக்குப் பயந்து பொழுது சாய்ந்தால் கதவடைத்த காலம் உண்டு. இரண்டே இரண்டு. ஒரு கூட்டம் கரைந்து கரைந்து இரண்டில் வந்து நின்றால் அந்த இரண்டும் என்ன மனநிலையில் நடமாடும் என்று யார் கேட்டார்கள்?

பால் நேரம் போக மற்ற நேரமெல்லாம் குட்டிகள் காட்டோரத்தில் தங்களுக்குள்தான். பெரிய பெண்குட்டிகள் சின்னதுகளுக்குப் பெரியம்மா வேலை பார்க்கும். எதைத் தின்னலாம், சேற்றை எப்படிப் பூசிக்கொள்ளலாம், யாருக்கு வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அங்கே நடக்கும் பள்ளிக்கூடம். தும்பிக்கை பிடிபடவே மாதங்களாகும். பிறந்த புதிதில் குட்டி அதை என்ன செய்வதென்று தெரியாமல் மிதித்துத் தடுக்கி விழும். செயற்கைக் கால் பொருத்தப்பட்ட நாமல் என்ற குட்டியும் இந்தக் கூட்டத்தில் ஓடித் திரிந்தது.

விடுவிப்பதும் ஒற்றையாக இல்லை. 1998இல் முதன்முதலாக விட்டபோதே சேர்ந்து வளர்ந்தவற்றைச் சேர்த்தே விட்டார்கள். சிலவற்றின் கழுத்தில் ரேடியோப் பட்டி. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் காட்டுக்குப் போயிருக்கின்றன. அவற்றில் சில பெண்யானைகள் காட்டில் தாமே குட்டி ஈன்றும் இருக்கின்றன. ஒரு காப்பகத்துக்கு இதைவிடப் பெரிய பரீட்சை முடிவு தேவையில்லை என்பது என் எண்ணம். உடவளவைக் காட்டில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து யானைகளைக் கவனித்துவரும் ஷேர்மின் டி சில்வாவும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஆசியப் பெண்யானைகள் ஒரே குடும்பமாக எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிவதில்லை. இன்று இருவரோடு, அடுத்த பருவத்தில் வேறு நால்வரோடு, ஆனால் சில சிநேகிதிகளை வருடக்கணக்கில் மறப்பதில்லை. நம் சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் சேர்ந்து பிரிவது போல. ஆகவே இரத்த உறவில்லாத அனாதைகளும் காட்டில் புதிய சகவாசம் தேடிக்கொள்ள இடமிருக்கிறது.

உடவளவையிலும் தத்தெடுக்கலாம். வளர்ப்புப் பெற்றோர் திட்டம் என்று வைத்திருக்கிறார்கள். பாடசாலையோ நிறுவனமோ தனியாளோ ஒரு குட்டியின் பால் செலவை ஏற்கலாம். குட்டியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அது பெரிதாகி லொறியேறிக் காட்டுக்குப் போய்விட்டால் தத்தெடுத்தவருக்கு அதோடு சரி. உலகத்திலேயே இதுதான் நல்ல தத்தெடுப்பு என்று எனக்குத் தோன்றுகிறது, கையில் ஒன்றும் மிஞ்சாது என்பதால்.

இதற்கு நேரெதிரான பழக்கமும் இந்த நாட்டில் பழையது. யானையை விகாரைக்குக் கொடுப்பது, பெரிய மனிதர் வீட்டு முற்றத்தில் கட்டுவது, வெளிநாட்டுக்குப் பரிசாக அனுப்புவது. நியூசிலாந்தின் ஒக்லண்ட் மிருகக்காட்சிசாலையில் 2009இல் காஷின் என்ற யானை இறந்ததும் பர்மா என்ற யானை தனியாகிவிட்டது. துணைக்கென்று 2015இல் பின்னவலையிலிருந்து அஞ்சலி போனது. வழியில் நியுவே தீவில் மூன்று மாதம் தனிமைப்படுத்தல் வேறு. அடுத்து நந்தியையும் அனுப்புவதாக வாக்குக் கொடுத்தபோது இங்கே வழக்குப் போட்டுத் தடுத்தார்கள், நந்தி போகவில்லை. போதுமான கூட்டத்தைச் சேர்க்க வழியில்லை என்று கண்ட ஒக்லண்ட், 2020இல் இரண்டு யானைகளையும் வேறிடம் அனுப்புவதாக அறிவித்தது. பின்னர் இரண்டும் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தன. இரண்டு கினிப் பன்றிக்குப் போதும், யானைக்கு இரண்டு போதாது.

தாய்லாந்து 2001இல் தந்த முத்துராஜா என்ற யானையின் கதை நமக்குக் கொஞ்சம் வெட்கமானது. விகாரையொன்றில் வைத்திருந்த அந்த யானை விறைத்த முன்காலும் சீழ்ப்புண்ணுமாகக் கிடந்ததைப் பார்த்து, கொடுத்தவர்களே திரும்பக் கேட்டார்கள். 2023 ஜூலை 2ஆம் திகதி பெரிய கூண்டில் ஏற்றி விமானத்தில் கொண்டுபோனார்கள்.

சட்டம் இல்லாமலில்லை. 2021 ஆகஸ்டில் வந்த விதிகளை வாசித்தால் சுவிஸ் அம்மையாரின் கேள்விப்பட்டியல் ஞாபகம் வரும். வளர்ப்பு யானைக்குப் படத்தோடும் மரபணுப் பதிவோடும் அடையாள அட்டை. தினமும் இரண்டரை மணித்தியாலம் குளியல். வேலை நாளுக்கு நான்கு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, இரவில் அறவே கூடாது. முதுகில் நால்வருக்கு மேல் ஏறக் கூடாது, அதுவும் மெத்தை போட்டு. பாகன் வேலை நேரத்தில் குடிக்கக் கூடாது. குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கொருமுறை வைத்தியப் பரிசோதனை. மீறினால் யானை அரசுக்கு, ஆளுக்குச் சிறை. இதை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "நாலு மணித்தியாலம்னா அதுக்கு முழுப் பேரா, அரைப் பேரா?" தோட்டத்தில் நாள் வேலையை முழுப் பேர், அரைப் பேர் என்று கணக்கிட்டுச் சம்பளம் வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

இந்த விதிகள் வந்த அடுத்த மாதமே, காட்டிலிருந்து களவாடப்பட்டவை என்ற வழக்கில் முன்பு கைப்பற்றிய பத்துக்கும் மேற்பட்ட யானைகளை, அவற்றை வைத்திருந்தவர்களிடமே திருப்பிக் கொடுக்கும்படி கொழும்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. கேள்விப்பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. கூண்டைப் படம் பிடித்து அனுப்புங்கள் என்று கேட்டு, வந்த படத்தை உட்கார்ந்து பார்க்கும் ஆள்தான் வேண்டும்.

உடவளவையில் மத்தியானப் பால் முடிந்ததும் குட்டிகள் வந்த வழியே காட்டோரத்துக்குத் திரும்பின. அம்மா மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியாகப் போன குட்டியை "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அது ஒரு பெரிய குட்டியின் வாலுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"திரும்பியே பாக்கல பாத்தியா."

"பாக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவும்."

வீடு திரும்பிய கிழமையில் சுவிஸிலிருந்து அழைப்பு. கூண்டின் படம் தேறிவிட்டதாம். பழுப்பும் வெள்ளையுமாக இரண்டு, புல்லுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு திரையில் தெரிந்தன. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் இரண்டும் சேர்ந்து விசில் அடித்தன. மூன்று மாதம் கழித்துக் காப்பகத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம் என்றாள் அக்கா மகள். அம்மா தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கினார்.

"வூடு பாக்க வர்றவங்கள சும்மா அனுப்பக் கூடாது புள்ள. உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சி, தேத்தண்ணி ஊத்திக் குடுங்க."